லைன் வேலை பழக வருகிறவர்களுக்கு: கம்பத்தில் கால் வைப்பதற்கு முன்னும் பின்னும்

வீட்டு வயரிங் தெரிந்தவர்களில் பலர், லைன் வேலையும் அதே வேலைதான், உயரம் மட்டும் கூடுதல் என்ற நினைப்போடு வருகிறார்கள். முதலில் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். வீட்டில் தெரியாமல் கை பட்டால், 30 மில்லிஆம்பியர் கசிந்தவுடனே எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்து ஆளைக் காப்பாற்றிவிடும். 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் லைனில் உங்களைக் காப்பாற்றுவதற்கென்று எந்தப் பிரேக்கரும் கிடையாது. சப்ஸ்டேஷனில் இருப்பது லைனையும் டிரான்ஸ்ஃபார்மரையும் காப்பாற்ற வைத்தது. ஒரு மனித உடல் வழியாகப் பாயும் கரண்ட் அதற்குச் சாதாரண லோடு மாதிரிதான் தெரியும். பல நேரம் அசையவே அசையாது.

இந்தத் தொழிலில் முறையான பழகுநர் பயிற்சி வேண்டும் என்ற குரலே சாவுகளைப் பார்த்து எழுந்ததுதான். 1891இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லைன்மேன்களும் வயர்மேன்களும் கூடி ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர், அவரும் லைன்மேன்தான். 1896இல் வாஷிங்டனில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஷாக் அடித்துக் கம்பத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். இன்று அதே நாட்டில் லைன் பழகுநர் ஒருவர் தேர்ச்சி பெறச் சுமார் 7000 மணி நேரம் களத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்றரை, நான்கு வருடம் ஆகிவிடும். அவ்வளவு நாள் எதற்கு என்று முதல் மாதத்தில் தோன்றும். கம்பம் ஏறவும் ஜம்பர் (இரண்டு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) கட்டவும் சில மாதங்களில் கை பழகிவிடும் என்பது உண்மைதான். மீதிக் காலமெல்லாம், "லைன் ஆஃப்" என்று யார் சொன்னாலும், கண்ணால் பார்த்து, டெஸ்ட் செய்து, எர்த் போடும்வரை அது ஆன்தான் என்கிற பழக்கம் உடம்பில் ஊறுவதற்கு.

முதலில் கரண்ட் உடம்பில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வகுப்பில் ஓம் விதி சொல்லித் தரும்போது தூங்கிவிடாதீர்கள். அது உங்கள் உடம்பைப் பற்றிய கணக்கு. ஒரு மில்லிஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று உணர்வோம். பத்து, பதினைந்தைத் தாண்டினால் கைத் தசை இறுகிக்கொள்ளும். பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. முப்பதுக்கு மேல் மூச்சுத் திணறும். ஐம்பது முதல் நூறு மில்லிஆம்பியர் வரை நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகக்கூடும்.

வியர்த்த உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். அதாவது வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்த லைனே, எல்டி என்பார்கள், ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும். "எல்டிதானே" என்று அலட்சியமாகச் சொல்லும் சீனியர் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார். அந்தப் பேச்சை மட்டும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஹெச்டியில், அதாவது 11 கேவி போன்ற உயரழுத்த லைனில், தொடவே தேவையில்லை. நெருங்கினாலே காற்றைத் துளைத்துக்கொண்டு பொறி பாயும். அந்த ஆர்க்கின் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5500 டிகிரிதான். எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது வோல்டேஜைப் பொறுத்தது. ஒவ்வொரு நாட்டு விதியிலும் இதற்கு அட்டவணை உண்டு. அமெரிக்க விதிப்படி, பயிற்சி முடிக்காத ஆள் 50 கேவி வரையுள்ள லைனுக்கு 3 மீட்டருக்குள் போகக் கூடாது. உங்கள் நிறுவனத்து அட்டவணையைக் கேட்டு வாங்கி மனப்பாடம் செய்யுங்கள். கையில் ஸ்பானரோ இரும்புக் கம்பியோ இருந்தால் அதன் நீளமும் அந்தத் தூரத்தில் கழியும் என்பதை மறக்க வேண்டாம்.

தரையில் கழியும் காலம்

முதல் சில மாதங்கள் உங்களைக் கீழேதான் நிறுத்துவார்கள். சாமான் எடுத்துக் கொடுப்பது, கயிறு இழுப்பது, ஆட்களை ஒதுக்குவது. சலிப்பாக இருக்கும். ஆனால் மேலே இருப்பவர் அடுத்து எதைக் கேட்பார் என்று ஊகித்து, கேட்பதற்கு முன்பே அதைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கும் பையன்தான் சீக்கிரம் மேலே போவான். வேலையின் வரிசை அவன் மண்டைக்குள் ஏறிவிட்டது என்று அதற்குப் பொருள்.

இந்தக் காலத்தில் முடிச்சுகளைக் கற்றுக்கொண்டுவிடுங்கள். இறுகாத வளைய முடிச்சு ஒன்று, கம்பத்திலோ தடியிலோ சுற்றிக் கட்டும் முடிச்சு ஒன்று, பாரம் தூக்கும் முடிச்சு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டும், கையுறை போட்டுக்கொண்டும் போட வர வேண்டும். எந்தச் சாமானையும் மேலே தூக்கிப் போடாதீர்கள், மேலிருந்து போடச் சொல்லவும் கூடாது. எல்லாம் கயிற்றிலும் பையிலும்தான் ஏறி இறங்க வேண்டும். ஆள் வேலை செய்யும் இடத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். ஹெல்மெட் போட்டிருக்கிறோமே என்றால், எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்பானருக்கு ஹெல்மெட் ஓரளவுக்குத்தான் பதில் சொல்லும்.

கீழே நிற்பவருக்கு இன்னொரு வேலை உண்டு, அதைப் பலர் வேலையாகவே நினைப்பதில்லை: மேலே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் கண் கையில் இருக்கும் போல்ட்டில் இருக்கும். முழங்கை எந்தக் கம்பியை நோக்கிப் போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் செல்போன் சட்டைப்பையைவிட்டு வெளியே வரக் கூடாது.

கையுறை, உடுப்பு

ரப்பர் கையுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். எல்லாக் கையுறையும் எல்லா வோல்டேஜுக்கும் ஆகாது. பரவலாகப் பின்பற்றப்படும் தர அளவின்படி, 0 வகுப்பு 1000 வோல்ட் வரை, அதில் சிவப்பு முத்திரை இருக்கும். 1ஆம் வகுப்பு 7500 வோல்ட், வெள்ளை. 2ஆம் வகுப்பு 17,000 வோல்ட், மஞ்சள். 3ஆம் வகுப்பு 26,500, பச்சை. 4ஆம் வகுப்பு 36,000, ஆரஞ்சு. மணிக்கட்டுப் பக்கம் இந்த நிறமும், கடைசியாகச் சோதித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பயன்பாட்டில் இருக்கும் கையுறையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்தில் சோதிப்பது பரவலான நடைமுறை. தேதியே இல்லாத கையுறை வெறும் ரப்பர்.

தினமும் போடுவதற்கு முன் காற்றுச் சோதனை செய்ய வேண்டும். கையுறையின் வாயை இரு பக்கமும் பிடித்து விரித்து, காற்றை உள்ளே அடைத்து, வாயைச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். விரல்கள் உப்பி நிற்கும். அப்படியே கன்னத்தருகே கொண்டுபோய் ஒவ்வொரு விரலாக அழுத்துங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் சில்லென்று காற்றுப் படும், காதில் மெல்லிய சீறல் கேட்கும். விரல்களுக்கு இடையில் உள்ள கவட்டியைத் தனியாக இழுத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் அங்கேதான் முதலில் வரும். பிறகு உட்புறத்தை வெளியே புரட்டி ஒரு முறை. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஆகலாம். வெளியே தோல் கையுறை போடாமல் ரப்பரை மட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்தால், கம்பியின் ஒரு பிசிறு போதும் அதைக் கிழிக்க. பெட்ரோல், கிரீஸ், எண்ணெய் கலந்த கை கிரீம் ஆகியவை ரப்பரைத் தின்றுவிடும். மடித்து வைக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள்.

சட்டை விஷயம்: பாலியெஸ்டர், நைலான் வேண்டவே வேண்டாம். ஆர்க் வந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீ பிடித்துப் பரவாத துணியில் தைத்த உடுப்பு கொடுத்தால் அதைத்தான் போட வேண்டும். வெக்கையாக இருக்கிறதென்று கையை மடித்துவிட்டால் போட்டும் பயனில்லை. மோதிரம், கைச்சங்கிலி, கழுத்துச் சங்கிலி, உலோக வார் போட்ட கடிகாரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அலுமினிய ஏணியை வண்டியில் ஏற்றவே விடாதீர்கள்.

கம்பத்தைச் சோதிக்காமல் ஏறாதீர்கள்

சில கம்பங்கள் மேலே உள்ள கம்பிகளின் இழுப்பும், சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியும் சேர்ந்து பிடித்திருப்பதால்தான் நிற்கின்றன. மண்ணுக்குள் அடி அரித்துப்போன கம்பம்கூட, கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும்வரை ஜம்மென்று நேராக நிற்கும். நீங்கள் மேலே போய் ஒரு பக்கத்துக் கம்பியை அவிழ்த்த நிமிடத்தில் மறுபக்கம் சாயும், பெல்ட்டில் கட்டிய உங்களையும் சேர்த்துக்கொண்டு.

அதனால் முதலில் கம்பத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். சாய்ந்திருக்கிறதா, ஸ்டே கம்பி தொய்ந்திருக்கிறதா, அடியில் மண் தோண்டியிருக்கிறார்களா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரும்புக் கம்பமானால் தரையும் கம்பமும் சேரும் இடத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். துரு தகடு தகடாக உரிந்தால் ஏறக் கூடாது. சிமென்ட் கம்பத்தில் வெடிப்பு விட்டு உள்கம்பி தெரிகிறதா பாருங்கள். மரக் கம்பமானால் சுத்தியலால் அடியிலிருந்து கைக்கெட்டும் உயரம்வரை சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று சத்தம் கொடுத்துச் சுத்தியலை எதிர்த்துத் தள்ளும். உளுத்தது தொப்பென்று உள்வாங்கும். சந்தேகமாக இருந்தால் தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தோண்டி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஏணி வண்டி, பக்கெட் வண்டி, கம்பத்துக்கு முட்டுக் கொடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. "நேற்றுகூட ஏறினேனே" என்பது சோதனையில் சேராது.

ஏறும்போது பெல்ட்டும் கயிறும் முதலடியிலிருந்தே கம்பத்தைச் சுற்றியிருக்க வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பது பழைய பழக்கம். அமெரிக்காவில் 2015 ஏப்ரலிலிருந்து, தேர்ந்த லைன்மேன்களும் ஏறி இறங்கும்போதும் விழாமல் தடுக்கும் சாதனத்தோடுதான் ஏற வேண்டும் என்று விதியாகவே ஆக்கிவிட்டார்கள். இடையில் குறுக்குக் கட்டை வந்தால் இரண்டாவது கயிறைத் தாண்டி மாட்டிய பிறகுதான் முதல் கயிறை எடுக்க வேண்டும். கொக்கி வளையத்தில் விழுந்த சத்தத்தை மட்டும் நம்பாமல், குனிந்து கண்ணால் பாருங்கள். சத்தம் வந்தும் கொக்கி வளையத்தின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும்.

லைனை ஆஃப் செய்வது: இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்

"அண்ணே, லைன் ஆஃப் ஆச்சா?"
"ஆச்சுப்பா, ஏறு."

இந்த இரண்டு வரியை நம்பி ஏறியவர்கள் நிறைய. அந்த அண்ணன் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஆஃப் செய்தது வேறு ஃபீடராக (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் லைன்) இருந்திருக்கும், அல்லது அவருக்கே வேறொருவர் போனில் சொன்னதாக இருக்கும். ஐரோப்பிய நாடுகளில் இதை ஐந்து விதிகளாகத் தொகுத்து, வரிசை மாறாமல் செய்யச் சொல்லித் தருகிறார்கள். எந்த ஊரில் வேலை செய்தாலும் அந்த வரிசை பொருந்தும்.

முதலாவது, எல்லாப் பக்கமும் பிரித்துவிடுவது. பிரேக்கரை ஆஃப் செய்தது போதாது. அதன் வாய் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. லைனைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் சுவிட்சுகளான ஐசொலேட்டரையோ ஏபி சுவிட்சையோ திறந்து இடைவெளியைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: கீழே கைப்பிடி முழுக்க இறங்கிவிட்டது என்பதால் மேலே மூன்று பிளேடும் திறந்துவிட்டன என்று ஆகாது. தண்டு தளர்ந்திருந்தால் இரண்டு திறக்கும், ஒன்று ஒட்டிக்கொண்டே நிற்கும். அண்ணாந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நீட்டி எண்ணுங்கள். வெயில் கண்ணைக் கூசினால் மறுபக்கம் போய் நின்று எண்ணுங்கள். லைனுக்கு இரண்டு பக்கமும் சப்ளை வரும் இடமானால் இரண்டு பக்கமும் இதே வேலை.

இரண்டாவது, திரும்ப ஆன் ஆகாமல் பூட்டுவது. சுவிட்சின் கைப்பிடியில் பூட்டு, சாவி உங்கள் பையில். "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்ற பலகை. ஃபியூஸ் என்றால் கழற்றி உங்களோடு எடுத்து வந்துவிடுங்கள். பெர்மிட், லைன் கிளியர் என்று எந்தப் பெயரில் சொன்னாலும், வேலை அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும்: ஃபீடர் பெயர், கம்பத்தின் எண், நேரம், வாங்கியவர் பெயர். போனில் வாங்கினால் எதிர்முனையில் உள்ளவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் எழுத வேண்டும். நேரம் பேசி ஆஃப் செய்வது, அதாவது "பத்து மணிக்கு ஆஃப் பண்றேன், பதினொண்ணுக்கு ஆன் பண்ணிடுவேன்" என்கிற ஏற்பாடு, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. உங்கள் கடிகாரமும் அவர் கடிகாரமும் ஒன்றாக இருந்தாலும் உங்கள் போல்ட்டுக்கு நேரம் தெரியாது. வாங்கிய ஆளே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, வோல்டேஜ் இல்லை என்று சோதிப்பது. அந்த வோல்டேஜுக்கு ஏற்ற டிடெக்டரை முதலில் ஆனில் இருக்கும் இடத்திலோ, அதற்கென்று தரும் சோதனைக் கருவியிலோ வைத்து, அது கத்துகிறது என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் உங்கள் லைனில், மூன்று ஃபேஸிலும், நியூட்ரலிலும் வையுங்கள். முடிந்ததும் மறுபடி ஆனில் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்துபோன டிடெக்டர் "கரண்ட் இல்லை" என்றுதான் சொல்லும்; அதனால்தான் கடைசிச் சோதனை. வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் டெஸ்டரை ஹெச்டி பக்கம் கொண்டுபோகவே கூடாது.

நான்காவது எர்த். இதை மட்டும் ஏன் செய்கிறோம் என்று புரிந்துகொண்டு செய்யுங்கள், இல்லையென்றால் ஒருநாள் "சின்ன வேலைதானே" என்று விட்டுவிடுவீர்கள். மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று சேர்த்து எர்த்தோடு கட்டும்போது இரண்டு பயன். யாராவது தவறுதலாக ஆன் செய்தால் ஷார்ட் ஆகிப் பிரேக்கர் உடனே விழும். விழும்வரையான அந்தக் கணத்திலும், உங்கள் கையும் காலும் தொடும் எல்லாம் ஏறத்தாழ ஒரே வோல்டேஜில் இருந்தால் உங்கள் வழியே பாய்வது மிகக் குறையும். இரண்டாவது பயன் கிடைக்க வேண்டுமானால், எர்த் நீங்கள் வேலை செய்யும் கம்பத்திலேயே இருக்க வேண்டும், உங்கள் காலுக்குக் கீழே கம்பத்தோடும் இணைத்திருக்க வேண்டும். ஐந்து கம்பம் தள்ளிப் போட்ட எர்த் பிரேக்கரை விழ வைக்கலாம். அதற்குள் உங்களைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

வரிசை: முதலில் எர்த் முனை, பிறகுதான் லைன் முனை. இன்சுலேட்டட் தடியால், அருகில் உள்ள ஃபேஸில் தொடங்கி ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். கழற்றும்போது அப்படியே தலைகீழ், எர்த் முனை கடைசி. மாற்றிச் செய்தால், கையில் பிடித்திருக்கும் கயிற்றுக் கம்பி லைனின் வோல்டேஜில் தொங்கிக்கொண்டிருக்கும். எர்த் ராடு அடித்த இடத்தின் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

சரி, சுவிட்சைத் திறந்து பூட்டிவிட்டோமே, கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பின்னாலிருந்து வரும். 11 கேவியை 433 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியாது. கரண்ட் போன வீட்டில் ஒருவர் 230 வோல்ட் ஜெனரேட்டரை, வெளி லைனைப் பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் சொருகினால், அது சர்வீஸ் வயர் வழியாக வெளியே வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, ஹெச்டி பக்கம் பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு வந்துவிடும். மற்ற வீடுகளின் லோடு சேர்ந்து ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும் என்று சொல்வார்கள். பல நேரம் நிற்கும். புயலில் கம்பி அறுந்து அந்த ஒரு வீடு மட்டும் டிரான்ஸ்ஃபார்மரோடு மிஞ்சியிருந்தால் நிற்காது. இது தவிர, பக்கத்தில் இணையாக ஓடும் உயர் அழுத்த லைன், தொடாமலே தூண்டலால் உங்கள் லைனில் வோல்டேஜை ஏற்றும். கேபிளும் கப்பாசிட்டரும் ஆஃப் செய்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். இந்த எல்லாவற்றுக்கும் எர்த்தான் மருந்து.

ஐந்தாவது, பக்கத்தில் ஆனில் இருப்பதை மறைப்பது. ஒரே கம்பத்தில் மேலே ஒரு ஃபீடர், கீழே வேறு டிரான்ஸ்ஃபார்மரின் எல்டி, தெருவிளக்குக்குத் தனிக் கம்பி என்று மூன்று சப்ளை இருப்பது சாதாரணம். குறுக்கே தாண்டிப் போகும் லைனையும் பாருங்கள். முடிந்தால் அவற்றையும் ஆஃப் செய்ய வேண்டும், இல்லையென்றால் ரப்பர் போர்வையோ உறையோ போட்டு மூட வேண்டும். கம்பியின் மேல் கறுப்பு உறை இருக்கிறதே என்று தொடாதீர்கள். பல இடங்களில் அது மழை வெயிலுக்காகப் போட்டது, கரண்டுக்கு அது காப்பில்லை.

வேலை முடிந்ததும் அவசரம் தொற்றிக்கொள்ளும். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுங்கள். எல்லாரும் கீழே இறங்கி, எர்த் செட் எத்தனை போட்டோமோ அத்தனையும் வண்டிக்குள் வந்த பிறகுதான் அனுமதியைத் திருப்ப வேண்டும். எர்த் எடுத்த நிமிடம் முதல் அந்த லைன் மறுபடி ஆனில்தான் இருக்கிறது. "ஒரு நட்டு மட்டும் முறுக்கிவிட்டு வருகிறேன்" என்று ஏறுவது அப்போதுதான் நடக்கும்.

அறுந்து கிடக்கும் கம்பி

பொறி பறக்கவில்லை, சத்தமில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. உலர்ந்த மண்ணிலோ தார் ரோட்டிலோ விழுந்த கம்பியில் பாயும் கரண்ட் குறைவாக இருந்தால் பிரேக்கர் விழாது. விழுந்தாலும் பல லைன்களில் ஆட்டோ ரீகுளோசர் இருக்கும். சில நொடிகளில் தானாகவே மறுபடி ஆன் செய்து பார்க்கும், அதுவும் ஒரு முறையோடு நிறுத்தாது.

கம்பி மண்ணைத் தொடும் இடத்தில் வோல்டேஜ் அதிகம், விலக விலகக் குறையும். அந்த வட்டத்துக்குள் அகலக் கால் வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள வித்தியாசம் உடம்பு வழியே பாயும். குறைந்தது பத்து மீட்டராவது ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் இரண்டு பாதத்தையும் ஒட்டினாற்போல வைத்து, தரையைவிட்டு எடுக்காமல் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து நகர வேண்டும். வண்டி மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் மட்டும் இறங்க வேண்டும், அதுவும் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து.

மேலே இருப்பவருக்கு ஷாக் அடித்தால்

காய்ந்த குச்சியால் தட்டிவிடு என்பது வீட்டுக் கரண்டுக்குச் சொன்னது. ஹெச்டியில் குச்சி எடுத்துப் போனால் இரண்டு பேராகிவிடுவீர்கள். முதலில் சப்ளையை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். லைன் ஆஃப் என்று உறுதியான பிறகுதான் ஏற வேண்டும். கண் முன்னால் சக ஆள் தொங்கும்போது இந்தப் பொறுமை மிகக் கடினம். அதனால்தான் இதைப் பொம்மையை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள்.

முறை எளியதுதான். மேலே ஏறி, கயிறை அவருக்கு மேலுள்ள குறுக்குக் கட்டையில் சுற்றிப் போட்டு, அவர் மார்பைச் சுற்றி அக்குளுக்குக் கீழே கட்டி, இழுத்து இறுக்கி, பாரம் கயிற்றில் ஏறியபின் அவருடைய பெல்ட் கயிறை வெட்டி இறக்க வேண்டும். உயிருள்ள ஆளின் எடைக்குப் பொம்மை, தரையிலிருந்து தொடங்கி நான்கு நிமிடத்துக்குள் கீழே கொண்டுவருவது என்று பல பயிற்சி மையங்களில் இலக்கு வைக்கிறார்கள். ரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும் என்பதால் வந்த கணக்கு அது. பயிற்சியில் சேர்ந்த இடத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யவைக்கிறார்களா என்று கேளுங்கள்.

கீழே வந்ததும் மூச்சில்லை என்றால் சிபிஆர். நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், முப்பதுக்கு இரண்டு மூச்சு. இதயத் துடிப்பை மின் அதிர்வால் சீராக்கும் ஏஇடி கருவி இருந்தால் உடனே மாட்டுங்கள், அது பேசியே வழிகாட்டும். ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் இசிஜி எடுக்க வேண்டும். ஹெச்டி ஷாக்கில் தோலில் சின்னப் புண்தான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் அது சிறுநீரகத்துக்கு ஆபத்து வருகிறது என்பதன் அடையாளம். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கே சேர்வது, எதைக் கேட்பது

சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் மூச்சிலேயே இதையும் கேளுங்கள்: ஒரு பழகுநருக்கு ஒரு சீனியர் கூடவே இருப்பாரா? தனியாக எப்போது ஏற விடுவீர்கள்? கையுறையும் பெல்ட்டும் என் பெயரில் தனியாகத் தருவீர்களா? எர்த் செட் எத்தனை குழுவுக்கு எத்தனை இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை உன்னிப்பாகக் கவனியுங்கள். நான்கு குழு, இரண்டு எர்த் செட் என்றால், பாதி நாள் எர்த் இல்லாமல் வேலை நடக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு ஏற மறுக்க வேண்டிய நாள் ஒன்று நிச்சயம் வரும். அன்று விவாதம் செய்யாதீர்கள், அது சீனியரின் கௌரவப் பிரச்சினையாகிவிடும். "அண்ணே, எர்த் போட்டுட்டு ஏறிடறேன், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எர்த் செட்டைக் கையில் எடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதற்கும் திட்டுகிற இடமென்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. புயல் காலத்தில் இரவு பகலாக வேலை நடக்கும்போது தூக்கத்தையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினாறு மணி நேரம் நின்றவர் மூன்று பிளேடை எண்ணும்போது நான்குகூட வரும்.

பயிற்சி நோட்டு ஒன்று தருவார்கள், தராவிட்டால் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், எந்த வோல்டேஜ், என்ன வேலை, எர்த் எந்தக் கம்பத்தில் போட்டோம், யார் மேற்பார்வை. லைசென்ஸ் தேர்வுக்குப் போகும்போது கேட்பது இந்த நோட்டைத்தான். கையெழுத்தை அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் போய் நின்றால், எந்தக் கம்பத்தில் என்ன செய்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்காது, சீனியருக்கும் நினைவிருக்காது.